ஒரு டிஸ்கின் இணைப்பை மட்டும் கையாள: எஸ்எம்பி_ஃபை_கன்ட்ரோலை முதல்முறை தொடுகிறவர்களுக்கு

ஒரு ஷெல்ஃப் (டிஸ்குகளை அடுக்கும் பெட்டி) நிறைய சாஸ் டிஸ்குகள், சாஸ் என்பது சர்வர்களில் டிஸ்குகளை இணைக்கும் ஒரு தரம். அதில் ஒன்று மட்டும் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. கர்னலின் செய்திப் பதிவான டிமெஸ்க்கில் அதே வரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, பக்கத்தில் இருக்கும் நல்ல டிஸ்குகளும் நடுநடுவே திணறுகின்றன, சர்வரோ எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது. உடனே தோன்றுவது ரீபூட்தான். ஆனால் அந்த ஒரே ஒரு டிஸ்கின் இணைப்பை மட்டும் மீட்டமைக்கவோ, வேகத்தைக் குறைக்கவோ, முழுசாகத் துண்டிக்கவோ லினக்ஸில் எஸ்எம்பி_ஃபை_கன்ட்ரோல் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதுவும் இருந்த இடத்திலிருந்தே. அதைப் பயமில்லாமல், ஆனால் கவனமாக எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். ஃபை என்றால் பி, ஹெச், ஒய். ஆப் என்றால் ஓ, பி. ஸ்கஸி என்றால் எஸ், சி, எஸ், ஐ. எர் என்றால் இ, ஆர், ஆர். சிஸ் என்றால் எஸ், ஒய், எஸ். கோடுகளும் அடிக்கோடுகளும் எண்களும் நான் போட்ட மாதிரியே.

முதலில் ஆட்கள் யார் யார்

சர்வரை டிஸ்குகளோடு இணைக்க அதற்குள் இருக்கும் கார்டு எச்பிஏ. ஷெல்ஃபில் இருக்கும் டிஸ்குகள் பொதுவாக அதில் நேரடியாக மாட்டப்பட்டிருக்காது, நடுவில் எக்ஸ்பாண்டர் என்ற சிப் இருக்கும், நெட்வொர்க் ஸ்விட்ச் செய்கிற வேலையைத்தான் அது சாஸ் உலகத்தில் செய்கிறது. எக்ஸ்பாண்டரின் ஒவ்வொரு இணைப்பு முனையும் ஒரு ஃபை: அனுப்பும் பகுதி ஒன்று, வாங்கும் பகுதி ஒன்று, சேர்ந்து ஒரு ஜோடி. டிஸ்குக்குப் பொதுவாக ஒரு ஃபை போதும். எச்பிஏக்குப் போகும் தடித்த கேபிளில் நான்கு ஃபைகள் சேர்ந்து ஒரே போர்ட்டாக வேலை செய்யும், அதை வைட் போர்ட் என்பார்கள்.

எக்ஸ்பாண்டரோடு பேசுவதற்கென்றே சாஸ் தரத்தில் எஸ்எம்பி என்ற நெறிமுறை இருக்கிறது. டிஸ்குக்கு ஸ்கஸி கட்டளை போகிற மாதிரி எக்ஸ்பாண்டருக்கு எஸ்எம்பி கட்டளை போகும். அதை நாம் கையால் அனுப்புவதற்கு எழுதப்பட்டதுதான் எஸ்எம்பி_யூட்டில்ஸ் என்ற தொகுப்பு. எழுதியவர் டக்ளஸ் கில்பர்ட். எல்எஸ்ஸ்கஸி, எஸ்டிபார்ம், எஸ்ஜி3_யூட்டில்ஸ் எல்லாம் அவர் எழுதியவைதான், ஸ்டோரேஜ் வேலை பார்க்கிறவர்கள் அநேகமாகத் தினமும் அவருடைய ஏதாவது ஒரு கருவியைத் தொடுவார்கள்.

சரி, ஒரு கெட்ட டிஸ்க் ஏன் எல்லோரையும் பாதிக்கிறது? ஒரு ஃபையில் இணைப்பு வந்தாலும் போனாலும் எக்ஸ்பாண்டர் "ஏதோ மாறிவிட்டது" என்று ஒரு பிராட்காஸ்ட் அனுப்பும். எச்பிஏ உடனே யார் யார் இருக்கிறார்கள் என்று மறுபடி தேடத் தொடங்கும். விட்டு விட்டு வந்துபோகும் டிஸ்க் ஒன்று இதைத் திரும்பத் திரும்பக் கிளப்பிவிட்டால் மொத்த ஷெல்ஃபுக்கும் இடைஞ்சல். அந்த ஒரு ஃபையை அணைத்தால் சத்தம் நின்றுவிடும். என்னைக் கேட்டால் இந்தக் கருவியின் மிகப் பெரிய பயனே இதுதான்.

நிறுவி, எக்ஸ்பாண்டரைக் கண்டுபிடியுங்கள்

டெபியன், உபுண்டு என்றால் பொதியின் பெயர் எஸ்எம்பி-யூட்டில்ஸ், நடுவில் சாதாரணக் கோடு. ஃபெடோரா வகையில் அடிக்கோடு. நிறுவியதும் ரூட்டாக இருந்து இதைப் பாருங்கள்:

எல்எஸ் /டெவ்/பிஎஸ்ஜி

எக்ஸ்பாண்டர்-6:0 என்பது போல ஒரு பெயர் இருக்க வேண்டும். 6 என்பது ஹோஸ்ட் எண், அடுத்தது அந்த ஹோஸ்டின் கீழ் எத்தனையாவது எக்ஸ்பாண்டர் என்பது. இரண்டு, மூன்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், பெரிய ஷெல்ஃபுகளில் ஒன்றுக்கு மேல் இருப்பது சாதாரணம். ஒன்றுமே இல்லையென்றால் இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும்: டிஸ்குகள் எச்பிஏவில் நேரடியாக இருக்கின்றன, அல்லது உங்களிடம் இருப்பது ரெய்டு கார்டு (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் கார்டு). ரெய்டு கார்டுகள் பலவும் எக்ஸ்பாண்டரைத் தமக்குள் மறைத்துக்கொள்ளும், அப்போது கார்டு தயாரிப்பாளரின் கருவியைத்தான் தேட வேண்டும்.

எந்த ஃபை? இங்கே அவசரப்படவே கூடாது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கட்டளையைச் சரியாக அடித்து, தவறான ஃபையில் அடிப்பதுதான் உண்மையான ஆபத்து. ஸ்லாட் எண்ணும் ஃபை எண்ணும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஏழாவது ஸ்லாட்டில் இருக்கும் டிஸ்க் ஃபை 19-இல் இருக்கலாம், அது போர்டை வடிவமைத்தவர் கம்பியை எப்படி இழுத்தார் என்பதைப் பொறுத்தது.

முதலில் பிரச்சினை தரும் டிஸ்கின் சாஸ் முகவரியை எடுங்கள்:

எல்எஸ்ஸ்கஸி -டி

இதில் வருவது டிரான்ஸ்போர்ட் தகவல், டி என்பது அந்தச் சொல்லின் முதல் எழுத்து. எஸ்டிஎஃப் என்ற டிஸ்குக்கு எதிரே சாஸ் என்று போட்டு 16 இலக்க முகவரி ஒன்று இருக்கும். டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் எண்ணோடு இது கடைசி இலக்கத்தில் மாறலாம். சாஸ் டிஸ்குக்கு இரண்டு போர்ட்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, அதனால்தான். குழம்ப வேண்டாம், எல்எஸ்ஸ்கஸி சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எக்ஸ்பாண்டரிடம் கேளுங்கள்:

எஸ்எம்பி_டிஸ்கவர் --சம்மரி /டெவ்/பிஎஸ்ஜி/எக்ஸ்பாண்டர்-6:0

உயிரோடு இருக்கும் ஒவ்வொரு ஃபைக்கும் ஒரு வரி வரும். ஒன்றை எடுத்துப் பார்ப்போம்:

ஃபை 7:யு:அட்டாச்டு:[5000039458201136:00 டி(எஸ்எஸ்பி)] 12 ஜிபிபிஎஸ்

7 என்பதுதான் நமக்கு வேண்டிய ஃபை எண். யு என்பது எக்ஸ்பாண்டர் வழி கண்டுபிடிக்கும் முறை, இப்போது அது தேவையில்லை. அடைப்புக்குள் இருப்பது எதிரே மாட்டியிருப்பவரின் முகவரி, எல்எஸ்ஸ்கஸி காட்டியதோடு இது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். டி என்றால் டார்கெட், எஸ்எஸ்பி என்றால் சாஸ் டிஸ்க். சாட்டா டிஸ்காக இருந்தால் அங்கே சாட்டா என்று இருக்கும். கடைசியில் இப்போது ஓடும் வேகம்.

அதே பட்டியலில் டி-க்குப் பதில் ஐ என்று ஆரம்பித்து எஸ்எஸ்பி, எஸ்டிபி, எஸ்எம்பி மூன்றும் சேர்ந்து வரும் வரிகள் இருக்கும், வழக்கமாக நான்கு அடுத்தடுத்து. அவை எச்பிஏக்குப் போகும் வழி, நீங்கள் பேசிக்கொண்டிருப்பதே அதன் வழியாகத்தான். அவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு தொடாமல் இருங்கள். வி என்ற அடையாளத்தோடு ஒரு வரி இருந்தால் அது மெய்நிகர் ஃபை, உள்ளே இருக்கும் என்க்ளோஷர் நிர்வாகப் பகுதி, அதையும் விட்டுவிடுங்கள்.

ஸ்லாட்டையும் உறுதிப்படுத்த வேண்டுமா, எஸ்ஜி_எஸ்இஎஸ் கட்டளையில் கூடுதல் எலிமென்ட் நிலைப் பக்கத்தை, அதாவது பக்கம் 10-ஐக் கேட்டால் எந்த ஸ்லாட்டில் எந்த சாஸ் முகவரி என்று வரும். டிஸ்கைப் பிறகு ஒருவர் போய்க் கழற்ற வேண்டியிருந்தால் இது கட்டாயம் வேண்டும்.

தொடுவதற்கு முன் எண்களைப் பாருங்கள்

எஸ்எம்பி_ரெப்_ஃபை_எர்_லாக் --ஃபை=7 /டெவ்/பிஎஸ்ஜி/எக்ஸ்பாண்டர்-6:0

நான்கு எண்கள் வரும். இன்வாலிட் டிவேர்ட் என்பது புரியாமல் வந்த நான்கு பைட் துண்டுகளின் எண்ணிக்கை. ரன்னிங் டிஸ்பாரிட்டி என்பது கம்பியில் பூச்சியமும் ஒன்றும் சமன் குலைந்து வந்த தடவைகள். மூன்றாவது ஒத்திசைவு மொத்தமாக விட்டுப்போனது, நான்காவது இணைப்பை மீட்டமைக்க முயன்று முடியாமல் போனது. டிஸ்கை உருவும்போதும் செருகும்போதும் இவை கொஞ்சம் ஏறுவது இயல்புதான், அதனால் எண் பெரியதா என்பதைவிட, அது இன்னும் ஏறுகிறதா என்பதே கேள்வி. ஒரு முறை பார்த்து எழுதிவைத்துவிட்டு, டிஸ்குக்கு வேலை கொடுத்துவிட்டு, மறுபடி பாருங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: இந்த எண்ணிக்கையை வைத்திருப்பது வாங்குகிற பக்கம். எக்ஸ்பாண்டரின் எண் ஏறினால் டிஸ்க் அனுப்பியது கெட்டு வந்திருக்கிறது என்று பொருள். எக்ஸ்பாண்டர் அனுப்பியது டிஸ்கிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது டிஸ்குக்குத்தான் தெரியும், அதை ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் -எல் சாஸ்ஃபை என்று கொடுத்துக் கேட்கலாம். இரண்டு பக்கமும் பார்க்காமல் டிஸ்க்தான் குற்றவாளி என்று முடிவு கட்டினால் புது டிஸ்க் வாங்கிப் போட்ட பிறகும் அதே கோளாறு இருக்கும். ஒரே ஒரு ஃபையில் மட்டும் ஏறுகிறதென்றால் டிஸ்கையோ ஸ்லாட்டையோ சந்தேகிக்கலாம். எச்பிஏக்குப் போகும் நான்கிலும் சேர்ந்து ஏறினால் சந்தேகம் கேபிள் மேல் திரும்ப வேண்டும், முதலில் அதைக் கழற்றி அழுத்தி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய எண்கள் குழப்பினால் பூச்சியமாக்கலாம், இதுதான் நம் கருவியின் மிகச் சாதுவான வேலை, முதல் பயிற்சிக்கும் ஏற்றது:

எஸ்எம்பி_ஃபை_கன்ட்ரோல் --ஃபை=7 --ஆப்=5 /டெவ்/பிஎஸ்ஜி/எக்ஸ்பாண்டர்-6:0

வெற்றி என்றால் எதுவும் சொல்லாமல் ப்ராம்ப்ட் திரும்பும். --ஃபை கொடுக்க மறந்தால் கருவி உங்களைத் தடுக்காது, ஃபை 0 என்று எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடும். அதனால் --ஃபை எண்ணை எப்போதும் முதலில் அடிக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு மீட்டமைப்பு, கடின மீட்டமைப்பு

--ஆப்=1 என்பது லிங்க் ரீசெட். எண்ணுக்குப் பதில் சுருக்கமாக எல், ஆர் என்ற இரண்டு எழுத்தும் கொடுக்கலாம். ஃபை இணைப்பை விட்டுவிட்டு, மறுபடி கைகுலுக்கி, வேகம் பேசி முடித்து, ஒருவரையொருவர் அடையாளம் காட்டிக்கொள்ளும். 12 ஜிபிபிஎஸ் ஓட வேண்டிய டிஸ்க் 3-இல் வந்து நின்றுவிட்டது, அல்லது ஸ்பின்-அப் ஹோல்ட் என்ற நிலையில் ஒரு சாட்டா டிஸ்க் காத்துக்கிடக்கிறது என்றால் முதலில் முயல வேண்டியது இதைத்தான்.

--ஆப்=2 ஹார்ட் ரீசெட். இது எதிரே இருக்கும் சாஸ் டிஸ்கிடம் "நீயே முழுசாக மறுபடி ஆரம்பி" என்று சொல்வது. டிஸ்க் கட்டளைகளுக்கே பதில் சொல்லாமல் உறைந்துவிட்டால் இது உதவும். சாட்டா டிஸ்க்காக இருந்தால் லிங்க் ரீசெட்டே அதற்குக் கடின மீட்டமைப்பு மாதிரிதான். அதனால் "லேசானது" என்று நம்பி எழுத்து நடந்துகொண்டிருக்கும் சாட்டா டிஸ்கில் அடிக்காதீர்கள்.

எதைச் செய்தாலும் அந்த நொடியில் அந்த ஃபை வழியாகப் போய்க்கொண்டிருந்த ஐஓ, அதாவது படிப்பும் எழுத்தும், விழும். மறுமுயற்சியில் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றாலும், ஏற்கெனவே ஒரு டிஸ்க் இழந்து ஓடும் ரெய்டில் இந்தச் சூதாட்டம் வேண்டாம். எம்டி ரெய்டு என்றால் டிஸ்கை ஃபெயில் என்று குறித்து வெளியே எடுங்கள், இசட்எஃப்எஸ் என்றால் ஆஃப்லைன் செய்யுங்கள், தனி டிஸ்க் என்றால் அன்மவுண்ட் செய்யுங்கள், அப்புறம் ரீசெட்.

இன்னொரு பாதுகாப்பு உண்டு, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. எஸ்எம்பி_ரெப்_ஜெனரல் கட்டளை எக்ஸ்பாண்டர் சேஞ்ச் கவுண்ட் என்று ஒரு எண்ணைக் காட்டும், ஏதாவது மாறும்போதெல்லாம் அது ஏறும். அந்த எண்ணை --எக்ஸ்பெக்டட்= என்று சேர்த்துக் கொடுத்தால், நீங்கள் பட்டியலைப் பார்த்த நேரத்துக்கும் கட்டளை போய்ச் சேரும் நேரத்துக்கும் நடுவில் யாராவது டிஸ்கை மாற்றியிருந்தால் எக்ஸ்பாண்டர் வேலையைச் செய்ய மறுத்துவிடும். இரண்டு பேர் ஒரே ஷெல்ஃபில் வேலை பார்க்கும்போது இது தங்கம்.

வேகத்தைக் குறைப்பது

கேபிளோ ஸ்லாட்டோ கொஞ்சம் தேய்ந்து போய் 12-இல் பிழை தருகிறது, 6-இல் நன்றாக ஓடுகிறது என்ற நிலை அடிக்கடி வரும். மாற்றுப் பொருள் வரும்வரை வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம்:

எஸ்எம்பி_ஃபை_கன்ட்ரோல் --ஃபை=7 --ஆப்=1 --மேக்ஸ்=10 /டெவ்/பிஎஸ்ஜி/எக்ஸ்பாண்டர்-6:0

இந்த 10 என்பது 10 ஜிபிபிஎஸ் இல்லை, குறியீடு. 8 என்றால் 1.5, 9 என்றால் 3, 10 என்றால் 6, 11 என்றால் 12, 12 என்றால் 22.5 ஜிபிபிஎஸ். 12 வேண்டும் என்று 12-ஐயே அடிப்பவர்கள் நிறையப் பேர். 0 என்றால் இருப்பதை மாற்றாதே என்று பொருள். கூடவே --ஆப்=1 கொடுத்திருப்பதைக் கவனியுங்கள், புது வரம்பு இணைப்பு மறுபடி பேசப்படும்போதுதான் பயனுக்கு வரும், அதனால் இரண்டையும் ஒரே கட்டளையில் கொடுப்பது நல்லது. முடிந்ததும் எஸ்எம்பி_டிஸ்கவர் --ஃபை=7 என்று முழு விவரம் கேட்டால் நீங்கள் வைத்த வரம்பு, வன்பொருளின் வரம்பு, இப்போது பேசி முடித்த வேகம் மூன்றும் தனித்தனியாகத் தெரியும்.

ஃபையை அணைப்பது

--ஆப்=3. அடித்ததும் அந்த ஃபை செத்த மாதிரி ஆகிவிடும், எதிரே இருக்கும் டிஸ்க் சர்வரின் கண்ணிலிருந்து மறையும். அதனால் வரிசை முக்கியம்: ரெய்டிலிருந்து விலக்குங்கள், பிறகு /சிஸ்/பிளாக்/எஸ்டிஎஃப்/டிவைஸ்/டெலீட் கோப்பில் 1 எழுதிக் கர்னலிடம் சொல்லிவிடுங்கள், அதன் பிறகு அணையுங்கள். டிஸ்க் ஏற்கெனவே பைத்தியம் பிடித்து வந்து போய்க்கொண்டிருந்தால் நேராக அணைத்துவிடலாம், அந்த நிலையில் மரியாதைக்குக் காத்திருப்பதால் மற்ற டிஸ்குகளுக்குத்தான் நஷ்டம்.

சாஸ் டிஸ்குக்கு இரண்டு பாதை இருந்தால் இரண்டு எக்ஸ்பாண்டர்களிலும் தேடி இரண்டு ஃபைகளையும் அணைக்க வேண்டும். இல்லையென்றால் டிஸ்க் மற்ற பாதையில் அப்படியே இருக்கும். மல்டிபாத் -எல்எல் கொடுத்துப் பார்த்தால் பாதைகள் தெரிந்துவிடும்.

எக்ஸ்பாண்டர் மறுத்தால் காரணத்தைச் சொல்லும். ஃபை டஸ் நாட் எக்ஸிஸ்ட் என்றால் எண் தவறு. ஃபை வேக்கன்ட் என்றால் அப்படி ஓர் எண் இருந்தும் உங்களுக்குக் காட்டப்படவில்லை. ஜோன் வயலேஷன் என்றால் எக்ஸ்பாண்டரில் ஜோன் பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள், அதை அமைத்தவரிடம்தான் பேச வேண்டும்.

பொதி நிறுவ அனுமதி இல்லாத சர்வரில் மாட்டிக்கொண்டால்கூடக் கை கட்டப்பட்டுவிடவில்லை. /சிஸ்/கிளாஸ்/சாஸ்_ஃபை கோப்புறைக்குள் ஃபை-6:0:7 என்பது போல ஒவ்வொரு ஃபைக்கும் ஓர் இடம் இருக்கும்: ஹோஸ்ட், எக்ஸ்பாண்டர், ஃபை எண். மூன்றுக்குப் பதில் இரண்டே எண்கள் இருந்தால் அது எச்பிஏவின் சொந்த ஃபை. உள்ளே லிங்க்_ரீசெட், ஹார்ட்_ரீசெட் என்ற கோப்புகளில் 1 எழுதலாம், எனேபிள் கோப்பில் 0 எழுதினால் அணைப்பு. பிழை எண்களும் அங்கேயே படிக்கக் கிடைக்கும். இவ்வளவு எளிது என்றால் அந்தக் கருவி எதற்கு என்று கேட்கலாம். எக்ஸ்பெக்டட் பாதுகாப்பு இங்கே இல்லை, ஏன் மறுக்கிறேன் என்று எக்ஸ்பாண்டர் சொல்லும் பதிலும் இவ்வளவு தெளிவாக வராது. நேரம் இருந்தால் கருவிதான் என் தேர்வு.

கடைசியாக, அணைத்த ஃபை தானாக எழாது. டேட்டா சென்டரில் இருப்பவர் பழைய டிஸ்கை உருவிப் புதியதை அதே ஸ்லாட்டில் செருகுவார், விளக்குகூட எரியலாம், லினக்ஸில் டிஸ்க் வராது, புதியதும் கெட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அணைக்கும்போதே எந்த எக்ஸ்பாண்டர், எந்த ஃபை, வேக வரம்பு ஏதாவது வைத்தீர்களா என்பதை வேலைச் சீட்டில் எழுதிவிடுங்கள். புது டிஸ்க் போட்டதும் அந்த ஃபைக்கு --ஆப்=1 கொடுங்கள், வரம்பு வைத்திருந்தால் கூடவே --மேக்ஸ்=11. எஸ்எம்பி_டிஸ்கவரில் புது முகவரி தெரிந்து, எல்எஸ்ஸ்கஸியிலும் அதே முகவரி வந்த பிறகு --ஆப்=5 கொடுத்துப் பிழை எண்களைப் பூச்சியமாக்கிவிட்டு ரெய்டில் சேர்த்துவிடுங்கள். டிஸ்கின் எஸ்டி பெயர் மாறியிருக்கலாம், முகவரியைப் பார்த்தே சேர்த்துவிடுங்கள்.